வவுச்சரா, அரசுக் கார்டா? 72 வயது அப்பாவுக்காகக் கேட்ட தம்பிக்கு

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 72 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டியதற்கு, "இந்த வைத்தியத்துக்கு இது செல்லாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமா மகனிடம் புலம்பியபோது அவர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். அங்கே முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஒரு வவுச்சர் கொடுத்து, பிடித்த தனியார் பாலிசியை வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்று ஒரு கட்சி பல வருடமாகப் பேசுகிறதாம். "இங்கேயும் வருடம் முப்பதாயிரம் ரூபாய் வவுச்சர் கொடுத்துவிட்டால் என்ன? அப்பா நல்ல ஆஸ்பத்திரிக்குப் போவார், அரசுக்கும் தலைவலி இல்லை" என்பது தம்பியின் கேள்வி.

நான் ஒரு பொதுக்காப்பீட்டு நிறுவனத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். பாதிக் காலம் கிளெய்ம் மேஜையில். ஓய்வுபெற்ற பிறகு மயிலாடுதுறையில் தெருக்காரர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தாயிற்று. அதனால் நேராகவே சொல்கிறேன்: வேண்டாம். ஆனால் தனியார் எல்லாம் கொள்ளைக்காரர்கள், அரசு எல்லாம் தங்கம் என்று நான் சொல்லப் போவதில்லை. காரணம் வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம். நம் அட்டைக்குப் பின்னால் ஏற்கெனவே ஒரு காப்பீட்டு நிறுவனம் இருக்கிறது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது அதை நடத்தியதே ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம்தான். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியபோது பொதுத்துறையைச் சேர்ந்த யுனைடெட் இந்தியா வந்தது. 2018ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். பட்டியலில் தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு, அரசு ஆஸ்பத்திரிகளும் உண்டு. ஆக, அரசா தனியாரா என்பது இங்கே கேள்வியே இல்லை.

அப்படியானால் வவுச்சர் எதை மாற்றுகிறது? இப்போது அரசு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஒரே கட்டாகக் கட்டி நிறுவனத்திடம் கொண்டுபோய் வைக்கிறது. "இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து என்ன விலை?" என்று கேட்கிறது. 2022ல் புதுப்பித்தபோது குடும்பத்துக்கு வருடம் ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகவே பிரீமியம் வந்தது. அந்தக் கட்டுக்குள் உங்கள் அப்பா இருக்கிறார், இருபத்தைந்து வயதில் காய்ச்சல்கூட வராத பையனும் இருக்கிறான். அப்பாவைத் தனியாக எடுத்து எடை போட யாருக்கும் உரிமை இல்லை. முதல் நாளிலிருந்தே சர்க்கரையும் சேர்த்துத்தான் காப்பீடு. வவுச்சர் கொடுத்த மறுநாள் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். அப்பா கையில் ஒரு சீட்டோடு, தனி ஆளாக, என்னைப் போன்ற ஒருவனின் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். நான் கேட்கும் முதல் கேள்வி, "சர்க்கரை எத்தனை வருடமாக?" என்பதாகத்தான் இருக்கும்.

பொருளாதாரத்தில் இது பழைய சமாசாரம். ஜார்ஜ் அகர்லோஃப் 1970ல் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையில் மட்டமான வண்டிகள் எப்படி நல்ல வண்டிகளைத் துரத்துகின்றன என்பது பற்றி. 2001ல் நோபல் பரிசு கிடைத்ததற்கு அதுதான் அடிப்படை. அதே கட்டுரையில் அவர் காட்டிய இன்னொரு உதாரணம், 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் அவ்வளவு கஷ்டம் என்பது. விலையை ஏற்றினால் ஓரளவு ஆரோக்கியமானவர் விலகிக்கொள்வார், நோயாளி மட்டும் நிற்பார். அதனால் விலை மறுபடி ஏறும், இன்னும் சிலர் விலகுவார்கள். யாருடைய பேராசையும் இல்லாமலே சந்தை இப்படித்தான் சுருங்கும்.

நம் பக்கத்துக்காரர்களுக்குக் கார் உதாரணம் தேவையில்லை. சம்பா பயிருக்குக் காப்பீடு செய்து பார்த்தவர்கள் நாம். நவம்பர் பாதிக்குள் அடங்கல், சிட்டா, பாஸ்புக் நகலோடு இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று, தொகையில் ஒன்றரை சதவீதம் கட்டுகிறோம். மீதிப் பிரீமியத்தை மத்திய, மாநில அரசுகள் போடுகின்றன. அப்புறம் உங்கள் வயல் முழுக்கத் தண்ணீரில் நின்றாலும், அறிவிக்கப்பட்ட கிராமத்தில் நடந்த பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரி என்ன சொல்கிறதோ அதுதான் இழப்பீடு. பக்கத்துக் கிராமத்துக்கு ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் வரும், நமக்கு நூறு இருநூறு வரும். நெல் என்றால் அடுத்த போகம் உண்டு, திட்டிவிட்டுப் போகலாம். இடுப்பு எலும்பு உடைந்த அம்மாவுக்கு அடுத்த போகம் கிடையாது.

சரி, அமெரிக்கக் கதைக்கு வருவோம். மெடிகேர் 1965 ஜூலை 30ல் சட்டமானது. ஜனாதிபதி ஜான்சன், முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனின் ஊருக்கே போய்க் கையெழுத்திட்டு, முதல் அட்டையை ட்ரூமனிடம் கொடுத்தார். 65 வயது ஆனவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, டாக்டர் செலவு என்று தொடங்கி, 2006ல் மருந்துச் செலவும் சேர்ந்தது. வயதானவர்கள் பெருகியதும், வைத்தியம் விலை ஏறியதும் சேர்ந்து செலவு மலைபோல ஆனது. அந்தக் கவலை நியாயமான கவலைதான், மறுக்க முடியாது.

1995ல் ஹென்றி ஆரன், ராபர்ட் ரைஷவர் என்ற இரண்டு பொருளாதாரக்காரர்கள் ஒரு வழி சொன்னார்கள். அரசு ஒரு தொகை தரட்டும், முதியவர் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் அந்தத் தொகை மருத்துவச் செலவு ஏறும் வேகத்திலேயே ஏற வேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. 2011ல் குடியரசுக் கட்சியின் பால் ரையன் கொண்டுவந்த பட்ஜெட் யோசனை வெளியே பார்க்க இதேபோலத்தான் இருந்தது. 2022 முதல் 65 வயதாகிறவர்களுக்குப் பழைய மெடிகேர் கிடையாது, தனியார் திட்டம் வாங்க உதவித்தொகை மட்டும், சராசரியாக 8,000 டாலர் அளவில் தொடங்கும். வித்தியாசம் ஒரே வரியில் இருந்தது: அந்தத் தொகை பொது விலைவாசிக் குறியீட்டோடு கட்டப்பட்டிருந்தது. அரிசி, சட்டை, பெட்ரோல் ஏறுகிற வேகத்தில் வவுச்சர் ஏறும். வைத்தியமோ தன் வேகத்தில் ஏறும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் கணக்குப் போட்டது. 2030ல் ஒரு சராசரி 65 வயதுக்காரர் தன் மருத்துவச் செலவில் 68 சதவீதத்தைச் சொந்தப் பையிலிருந்து தர வேண்டிவரும். அப்போதிருந்த சட்டம் அப்படியே தொடர்ந்தால் அது 25 சதவீதம். கீழ்சபை ஏப்ரலில் நிறைவேற்றியது, செனட் மே மாதம் தள்ளிவிட்டது. அடுத்த வருடம் பழைய மெடிகேரையும் ஒரு தேர்வாக வைத்துத் திருத்திக் கொண்டுவந்தார்கள், அதுவும் சட்டமாகவில்லை. உங்கள் மாமா மகன் இந்தச் சதவீதக் கணக்கைச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அதை ரூபாயில் போட்டுப் பாருங்கள். நீங்கள் சொன்ன முப்பதாயிரத்தையே எடுத்துக்கொள்வோம். (72 வயதுச் சர்க்கரைக்காரருக்கு உருப்படியான ஐந்து லட்சம் பாலிசி அந்தக் காசுக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம்.) 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றுவதானால் முன்கூட்டித் தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. நல்ல உத்தரவு. நிறுவனம் அதை மீறாமல், சரியாகப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றுகிறது என்று வையுங்கள். பத்து வருடத்தில், அப்பாவுக்கு 82 ஆகும்போது, பிரீமியம் ஏறக்குறைய 77,800 ரூபாய். வவுச்சர் விலைவாசியோடு வருடம் 5 சதவீதம் ஏறினால் 48,900. இடையில் விழுகிற பள்ளம் 28,900 ரூபாய். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகையை 2023ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்தக் கணக்கில் இரண்டு வருட உதவித்தொகை முழுவதும் ஒரே ஒரு வருடப் பிரீமியத்தின் பள்ளத்தை மூடத்தான் காணும். உழைக்கிற வயதில் இந்தப் பள்ளம் விழுந்தால் ஓவர்டைம் பார்த்து மூடலாம். 82 வயதில் என்ன செய்வது?

இப்போது இந்த விலையேற்றம் அரசின் தலையில் விழுகிறது. அரசு முனகும், பாக்கி வைக்கும், ஆஸ்பத்திரிகளோடு மல்லுக்கு நிற்கும். ஆனால் அதுதான் அதன் வேலை. ஆயிரம் ஆஸ்பத்திரியை எதிரில் உட்காரவைத்து விலை பேசும் பலம் அரசுக்கு உண்டு. உங்கள் அப்பாவுக்குக் கிடையாது. வவுச்சரில் செலவு குறையாது. யார் தலையில் விழுகிறது என்பது மட்டும் மாறும். நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் முழுக்க இதுதான்.

பொருளுக்குப் பதில் காசு என்ற சோதனையை நம் டெல்டாவிலேயே ஒரு ஊர் பார்த்திருக்கிறது. காரைக்கால். புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் 2015ல் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடத் தொடங்கினார்கள். இலவச அரிசியா பணமா என்று ஆட்சியாளர்களுக்குள்ளேயே வருடக்கணக்கில் சண்டை, வழக்கு. ரேஷன் கடைகள் பூட்டிக் கிடந்தன. பூந்தோட்டம், பேரளம் பக்கத்துத் தமிழ்நாட்டுக்காரன் ரேஷன் கடையில் அரிசி வாங்க, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வெளிச்சந்தையில் வாங்கினார். 2024 தீபாவளிக்கு முன்புதான் கடைகள் மறுபடி திறந்தன. பணம் வந்தது பொய்யில்லை. ஆனால் சந்தை விலை ஏறினால் பணமும் கூடவே ஏறவில்லை, அதுதான் ஜனங்களின் புகார். அரிசிக்காவது விலை எல்லோருக்கும் தெரியும். ஸ்டென்ட்டுக்கு என்ன விலை என்று எந்தக் கடையில் போய் விசாரிப்பீர்கள்?

பாலிசி கைக்கு வந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இது நான் சோறு தின்ற தொழில், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

மூன்று லட்சம் பாலிசி என்று வையுங்கள். அறை வாடகை உச்சவரம்பு 1 சதவீதம், அதாவது நாளைக்கு 3,000 ரூபாய் என்று உள்ளே ஒரு வரி இருக்கும். ஆஸ்பத்திரியில் அந்த வாடகைக்கு அறை காலி இல்லை, 5,000 ரூபாய் அறைக்குப் போகிறீர்கள். வித்தியாசம் நாளைக்கு 2,000 தானே, கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள். அங்கேதான் கண்ணி. நீங்கள் எடுத்த அறைக்கு 60 சதவீதம்தான் தகுதி என்பதால், டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றையும் அதே 60 சதவீதமாக வெட்டுவார்கள். மருந்து மாதிரிச் சில இனங்கள் மட்டும் தப்பும். இப்படி வெட்டப்படும் பகுதி ஒன்றரை லட்சம் என்றால் 90,000 ஆகும். முதியோர் பாலிசிகள் பலவற்றில் கோ-பே என்று இன்னொரு வரி உண்டு, 20 சதவீதம் நீங்கள் தர வேண்டும் என்று. 90,000 இப்போது 72,000. மீதி 78,000 உங்கள் கையிலிருந்து. சட்டப்படி எல்லாம் சரி. எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது, நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் என்பது அடுத்தது. 2024 ஏப்ரலில் அதை அதிகபட்சம் நான்கு வருடத்திலிருந்து மூன்று வருடமாகக் குறைத்தார்கள். 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி எடுக்க முடியாது என்ற தடையும் போயிற்று. இரண்டுமே நல்லவை. ஆனால் பாலிசி தர வேண்டும் என்பதும் தாங்கக்கூடிய விலையில் தர வேண்டும் என்பதும் ஒன்றல்ல. 72 வயதில் சேர்ந்து சர்க்கரை சம்பந்தப்பட்ட எதற்கும் 75 வரை காத்திருங்கள் என்றால், அந்த மூன்று வருடம் யாருடைய பொறுப்பு?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். தவறாமல் ஏழு வருடம் பிரீமியம் கட்டியவர். பைபாஸ் ஆனபோது, விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைத்தார் என்று கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். படிவத்தை நிரப்பியது ஏஜென்ட், இவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர். ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய இப்படிக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்பது இப்போதைய விதி. அதைச் சுட்டிக்காட்டி நிறுவனத்துக்கு எழுதி, ஒரு மாதம் பார்த்துவிட்டு, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினோம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். பணம் வந்தது. ஆனால் வர எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் மகளுக்கென்று வைத்திருந்த நகை அடகுக் கடைக்குப் போய்விட்டிருந்தது. அவர் ஆசிரியர். எழுதத் தெரிந்தவர், என்னைத் தெரிந்தவர்.

என் பெரியம்மா மகள் ஒருவர் குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். நாற்பது வருடம் நடவுக்குப் போனவர். விரல் ரேகை தேய்ந்துபோய் ரேஷன் கடை இயந்திரத்திலேயே மூன்று தடவை வைத்தால்தான் ஒரு தடவை ஏற்கிறது. மகன் திருப்பூரில், மகள் சிங்கப்பூரில். வவுச்சர் முறையில் "முதியவர் தனக்கு ஏற்ற திட்டத்தை வருடா வருடம் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பார்" என்று எழுதியிருப்பார்களே, அந்த முதியவர் இவர்தான். நெட்வொர்க் ஆஸ்பத்திரிப் பட்டியலை, கோ-பே வரியை, உச்சவரம்பு அட்டவணையை யார் படித்துச் சொல்வது? ஏஜென்ட்தான். நான் ஏஜென்டுகளோடு முப்பது வருடம் பழகியவன், தங்கமான மனிதர்களைத் தெரியும். ஆனால் அவர்களுக்கும் கமிஷன் எந்தப் பாலிசியில் கூடுதல் என்பது தெரியும்.

இவ்வளவும் சொன்னதால் உங்கள் கோபம் தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கோபம் சரி. அட்டையின் லட்சணம் எனக்கும் தெரியும். என் சொந்த அக்கா 2022ல் வாசல் படியில் விழுந்து இடுப்பு உடைந்தது. பக்கத்து நகரத்தில் பட்டியலில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முதலில் "பெட் இல்லை" என்றார்கள். நான் விடாமல் கேட்டதும், "திட்டத்தில் தருகிற காசுக்குச் சாதாரண உபகரணம்தான் வைக்க முடியும், நல்லது வேண்டுமானால் அறுபதாயிரம் தனியாகக் கட்டுங்கள்" என்றார்கள். ரசீது தருவீர்களா என்றேன். அவ்வளவுதான், மறுபடி பெட் இல்லாமல் போய்விட்டது. கடைசியில் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். எட்டு நாள் காத்திருப்பு, வார்டில் பாயில் படுத்துத் துணைக்கு இருந்தோம். ஆபரேஷன் நன்றாக நடந்தது, ஒரு பைசா வாங்கவில்லை. அக்கா இப்போது கைத்தடியோடு கோயிலுக்குப் போகிறாள்.

தனியார் ஆஸ்பத்திரி செய்தது தப்புதான். ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒரு நிஜம் உண்டு. திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு நிர்ணயத் தொகை. அது காலத்துக்கு ஏற்ற மாதிரி ஏறாவிட்டால், அட்டைக்காரர் அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. இந்த நோய்க்கு வவுச்சர் மருந்தில்லை. தொகையை ஒழுங்காகத் திருத்துவது, பாக்கியை நாளுக்குள் கொடுப்பது, திருப்பி அனுப்புகிற ஆஸ்பத்திரியைப் பட்டியலிலிருந்து எடுப்பது, இவைதான் மருந்து. அலுப்பான வேலைகள், மேடையில் பேசினால் கைதட்டு விழாது.

அப்புறம் தூரம். மேட்டூரில் ஜூன் 12ல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பது நமக்குத் தெரியும். வாய்க்கால் தூர் வாராமல், கடைமடை விவசாயி கையில் "தண்ணீர் வாங்கிக்கொள்" என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? வேதாரண்யத்தில் இருக்கும் ஒரு பாட்டியின் வவுச்சர் அப்படித்தான். பெரிய தனியார் ஆஸ்பத்திரி என்றால் தஞ்சாவூர், திருச்சிக்குத்தான் வர வேண்டும். தஞ்சைக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். தனியார் ஆஸ்பத்திரி காசு புழங்குகிற இடத்தில்தான் முளைக்கும், அதில் தப்பு சொல்ல முடியாது. திருவாரூரில் 2010லும் நாகப்பட்டினத்தில் 2022லும் மருத்துவக் கல்லூரி வந்தது எந்தச் சந்தையும் கூப்பிட்டு அல்ல.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். நெதர்லாந்தில் 2006 முதல் எல்லோரும் தனியார் நிறுவனத்திடம்தான் காப்பீடு வாங்குகிறார்கள், வயதானவர்கள் உட்பட. ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். எந்த நிறுவனமும் யாரையும் மறுக்க முடியாது. ஒரே பாலிசிக்கு 25 வயதுக்காரருக்கும் 75 வயதுக்காரருக்கும் ஒரே பிரீமியம். எதெல்லாம் அடங்கும் என்பதைச் சட்டம் சொல்கிறது. நோயாளிகள் அதிகம் சேர்ந்த நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈடு கட்டுகிறார்கள். அதாவது பெயர்தான் தனியார், எல்லோரையும் சேர்த்துக் கட்டிய கட்டை அவிழ்க்கவே இல்லை. இவ்வளவு கடிவாளம் போடத் தெரிந்த நிர்வாகம் நம்மிடம் இருந்தால், அது இருக்கிற அட்டையையே ஒழுங்காக நடத்திவிடாதா என்பது என் சந்தேகம்.

அமெரிக்காவிலும் இப்போது மெடிகேர்காரர்களில் பாதிக்கு மேல் 'மெடிகேர் அட்வான்டேஜ்' என்ற தனியார் திட்டங்களில் இருக்கிறார்கள். பல், கண்ணாடி என்று கூடுதல் சலுகை உண்டு, ஜனங்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் தனியார் வந்தால் அரசுக்குச் செலவு குறையும் என்ற வாக்குறுதி என்ன ஆயிற்று? அதே ஆட்களைப் பழைய மெடிகேரில் வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட 22 சதவீதம் அதிகமாக அரசு கொடுக்கிறது என்று மெடிகேர் ஆலோசனைக் குழு 2024ல் மதிப்பிட்டது. சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்கும் இழுபறியும் சேர்ந்து வந்தது. டிபிஏ-வின் (காப்பீட்டு நிறுவனத்துக்காகக் கிளெய்ம் பார்க்கும் இடை நிறுவனம்) அனுமதிக்காகக் கேஷ்லெஸ் கவுன்டரில் நின்றவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இந்த விவாதத்தில் யாரும் பேசாதது. முதுமையில் பணம் கரைவது பெரும்பாலும் ஆபரேஷனில் இல்லை, மாத்திரையில். மாதம் இரண்டாயிரம் மூவாயிரம், சாகும் வரைக்கும். உங்கள் வவுச்சர் பாலிசியிலும் அது பெரும்பாலும் வராது, நம் அட்டையிலும் வராது. ஆயுஷ்மான் திட்டத்தில் அட்மிஷனுக்கு முன் மூன்று நாள், டிஸ்சார்ஜுக்குப் பின் பதினைந்து நாள், அவ்வளவுதான். இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தது 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். சில ஊரில் ஒழுங்காக வருகிறார்கள், சில ஊரில் ஆள் போதவில்லை. அரசிடம் தலைக்கு முப்பதாயிரம் மிச்சமிருக்கிறது என்றால், அதை வவுச்சராக்குவதைவிட இதில் ஆள் சேர்க்கப் போடலாம். விழுந்தவரை எழுப்பி நடக்கவைக்க ஊருக்கொரு பிசியோதெரபிஸ்ட் வந்தால் என் அக்கா மாதிரி எத்தனையோ பேருக்கு உதவும்.

சரி, உங்கள் அப்பா விஷயம். ஆஸ்பத்திரி "செல்லாது" என்றால் வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். எழுதிக் கேளுங்கள், அங்கேயே நின்று 104க்கோ திட்டத்தின் 1800 425 3993 எண்ணுக்கோ போன் செய்யுங்கள். பாதி நேரம் போனை எடுத்ததுமே பெட் கிடைத்துவிடும். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஐந்து லட்சம் என்று 2024 அக்டோபர் 29ல் மத்திய அரசு தொடங்கிய வய வந்தனா அட்டை பற்றியும் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் கேளுங்கள். வசதியிருந்தால் தனியார் பாலிசி ஒன்றைக் கூடுதலாக எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், சர்க்கரையையும் பிரஷரையும் எத்தனை வருடம் என்று போட்டு எழுதுங்கள். அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

போகிறதுக்கு முன் ஒன்று பாருங்கள். அப்பாவின் பெயர் எந்தக் குடும்ப அட்டையில் இருக்கிறது? சென்னையில் இருக்கும் அண்ணன் கார்டில் சேர்த்திருந்தால், வருமானச் சான்றிதழில் அண்ணன் சம்பளமும் ஏறும், முதலமைச்சர் அட்டைக்கான 1,20,000 ரூபாய் வருட வருமான வரம்பைத் தாண்டிவிட்டது என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்படியானால் முதலில் தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். பெயர் பிரித்து வாங்க நாளாகும்.